பகடை உன்னோடது, பட்டா யாரோடது?

கம்பெனிக்காரனைத் திட்டாதே நைனா. பாவம், அவன் என்ன பண்ணுவான்? நீ நீட்டினே, அவன் வாங்கிக்கிட்டான். நீட்டுற கையைத் தட்டிவிட்டு, "வேணாம் கண்ணு, சேத்து வெய்யி"ன்னு புத்தி சொல்றதுக்கு அவன் என்ன உன் தாய்மாமனா?

சனிக்கிழமை ராத்திரியானா அஞ்சாறு பேரு நம்ம மொட்டை மாடியில கூடிடுறீங்க. ஒருத்தன் மந்திரவாதி, ஒருத்தன் குள்ளன், ஒருத்தன் திருடன். இன்னொருத்தன் ஒரு அட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்காந்து கதை சொல்றான். இருபது மூஞ்சி வெச்ச பகடையை உருட்டி, இல்லாத குகைக்குள்ள நுழைஞ்சு, இல்லாத பூதத்தை வெட்டி, இல்லாத தங்கத்தைப் பங்கு போட்டு, அதுக்கு நெசமாவே சண்டையும் போடுறீங்க. அதுல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. மூணு ஷிப்டு ஓடுற ஊரு இது. பகலெல்லாம் நட்டு முறுக்கினவன் ராத்திரி நாலு மணி நேரம் ராஜகுமாரனா இருந்துட்டுப் போகட்டுமே. பாரதக் கூத்துக்கு விடிய விடிய முழிச்சிருந்த சனம்தானே நாம.

என் வருத்தம் வேற. இல்லாத பூதத்துக்கு மாசாமாசம் இருக்குற காசைக் கட்டுறே பாரு, அது.

இந்த ஆட்டத்தைப் பத்தி ராகிக் களி திங்குற கிழவனுக்கு என்ன தெரியும்னு கேப்பே. மாடியில நீ போன்ல கத்துறது கீழ திண்ணை வரைக்கும் கேக்குது. அதுல பொறுக்கினதுதான் என் படிப்பு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு பேராம். 1974ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு பேரு உண்டாக்கினாங்களாம். அன்னிக்கு அதுக்கு வேண்டியது மூணு சின்னப் புத்தகம், பகடை, பென்சிலு, காகிதம், அப்புறம் வாய். கரண்ட்டு கூட வேணாம். கரண்ட்டு போனா பூதத்துக்கு இன்னும் வசதி. 1997ல அந்த ஆட்டம் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்டுங்கிற கம்பெனி கைக்குப் போச்சு. 1999ல அந்தக் கம்பெனியையே பொம்மை விக்கிற ஹாஸ்ப்ரோ வாங்கிடுச்சு. இப்போ வாய்க்கு ஒரு கணக்கு, கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு, பாஸ்வேர்டுக்கு ஒரு சந்தா, சந்தாவுக்கு ஒரு கார்டுன்னு வந்து நிக்குது.

அந்தச் சந்தா விவரத்தை உன்கிட்டக் கேட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டி அண்ட் டி பியாண்டுன்னு இணையத்துல ஒரு இடம். மாசம் 2.99 டாலர் கட்டினா 'ஹீரோ'. 5.99 டாலர் கட்டினா 'மாஸ்டர்', நம்ம காசுல 500 ரூபாய்க்கு மேல.

"சந்தா கட்டிட்டா புத்தகமெல்லாம் படிக்கலாமா?"

"இல்ல தாத்தா, புத்தகம் தனியா வாங்கணும்."

"நீதான் கெட்டி அட்டை போட்டது ஒண்ணு வாங்கி வெச்சிருக்கியே?"

"அது காகிதம் தாத்தா. திரையில வேணும்னா திரையில தனியா வாங்கணும்."

"அப்ப மாஸ்டர் சந்தா எதுக்கு?"

"நான் வாங்கினதைக் கூட ஆடுறவங்களும் படிக்கறதுக்கு."

"உன் புத்தகத்தை உன் கூட்டாளி படிக்க, நீ மாசாமாசம் காசு கட்டணுமா?"

"ஆமா தாத்தா."

"நிறுத்தினா?"

"நான் படிக்கலாம். அவங்களுக்கு மூடிக்கும்."

நான் எழுந்து போய் மூஞ்சி கழுவிட்டு வந்தேன்.

2024ல வந்த ஆட்டக்காரர் கையேடு அச்சுல 49.99 டாலர், திரையில 29.99 டாலர். சேத்து வாங்கினா கொஞ்சம் தள்ளுபடியாம். அதே எழுத்து, அதே படம், அதே பூதம். கண்ணு ரெண்டு இருக்குதுன்னு ரெண்டு தடவை காசு வாங்குறான் போல.

நைனா, நீ ஓசூர்ல வளந்தவன். எழுபதுகள்ல சிப்காட் வந்துச்சு. அப்புறம் டிவிஎஸ் வந்துச்சு, அசோக் லேலண்ட் வந்துச்சு, டைட்டன் வந்துச்சு. நிலத்துக்கு வெலை ஏறின வேகத்துல இந்த ஊரு சனத்துக்கு எழுதப் படிக்க வந்துச்சோ இல்லையோ, பத்திரம் படிக்க வந்துடுச்சு. இங்க பொறக்குற கொழந்தை அம்மான்னு கூப்பிடறதுக்கு முன்னாடி சதுரடி என்ன வெலைன்னு கேக்கும். உனக்குத் தெரியாதா? கிரயம்னா நிலம் உன்னோடது, உன் பேரன் காலம் வரைக்கும். போக்கியம்னா நிலம் அவனோடது, நீ அனுபவிக்கலாம், கெடு முடிஞ்சா குடுத்த தொகை முழுசா திரும்பி வரும். குத்தகைன்னா நிலமும் அவனோடது, தொகையும் அவனோடது, வெளைஞ்சது மட்டும் உன்னோடது.

இப்ப நீ திரையில வாங்கினதா சொல்ற புத்தகத்தை எடு. நிலம் அவன் சர்வர்ல கெடக்குது. தொகை அவன் பையில. கெடு முடிஞ்சா திரும்பி வர்றது ஒண்ணுமில்லே. அறுத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வரவும் முடியாது, அவன் கதவைத் தொறந்து வெச்சிருக்குற வரைக்கும் வரப்புல நின்னு பாத்துக்கலாம். நம்ம ஊருப் பத்திர எழுத்தருங்க எழுதாத பத்திரம் கெடையாது. இப்படி ஒண்ணை எழுதச் சொன்னா அவங்களே கூச்சப்படுவாங்க.

ரெண்டு சென்ட் வாங்கறதுக்கு முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாக்குற ஊருல பொறந்துட்டு, இதுக்கு ஒரு வருஷத்துக்காவது போட்டுப் பாத்தியா? பாத்திருக்க மாட்டே. நான் போட்டுப் பாத்தேன். கேளு.

2008: ஆட்டத்தோட நாலாம் பதிப்பு வந்துச்சு. கூடவே 'இன்சைடர்'னு ஒரு சந்தா. அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும் டிராகன், டன்ஜன்னு ரெண்டு பத்திரிகை கடையில காகிதமா கெடைச்சுக்கிட்டிருந்துச்சு. ரெண்டும் இந்தச் சந்தாவுக்குள்ள போயிடுச்சு. திரையிலேயே மேசை போட்டு ஆடலாம்னும் வாக்குக் குடுத்தாங்க. மேசை வெள்ளோட்டம் வரைக்கும் வந்துச்சு, அதோட படுத்துக்கிச்சு.

2009 ஏப்ரல்: திருட்டுப் பிரதி பெருகிடுச்சுன்னு சொல்லி, பி.டி.எஃப். விக்கிறதையே ஒரேயடியா நிறுத்தினாங்க. திருடினவனுக்கு இதுல ஒரு நட்டமும் இல்லே, அவன்கிட்டப் பிரதி ஏற்கெனவே இருக்குது. காசு குடுத்து வாங்க நின்னவன் மூஞ்சியிலதான் கதவைச் சாத்தினாங்க. அந்தக் கதவு திரும்பத் தொறக்க 2013 ஆச்சு.

2010 நவம்பர்: பாத்திரம் உருவாக்குற மென்பொருள் ஒண்ணு இருந்துச்சு. ஒரு மாசம் சந்தா கட்டுறது, அதை இறக்கிக்கிறது, சந்தாவை நிறுத்திட்டு நிம்மதியா ஆடுறதுன்னு நெறைய பேரு இருந்தாங்க. எனக்கு அவங்களை ரொம்பப் புடிக்கும். கம்பெனிக்குப் புடிக்கலை. மென்பொருளைத் தூக்கி இணையத்துக்குள்ள வெச்சுட்டாங்க. சந்தா நின்னா அதுவும் நிக்கும். அப்புறம், அது நின்னுக்கிட்டிருந்த சில்வர்லைட்டுங்கிற நுட்பத்துக்கு ஆயுசு முடியப்போகுதுன்னு சொல்லி, 2020 பொறக்குறப்போ மொத்தத்தையும் மூடிட்டாங்க. அத்தனை வருஷம் கட்டினவன் கையில என்ன மிஞ்சுச்சு? வங்கிக் கணக்குப் புத்தகத்துல பத்து வரி.

2017: பியாண்டு பொறந்துச்சு. அதைச் செஞ்சது கர்ஸுங்கிற கம்பெனி. அப்புறம் ஃபேண்டம் கைக்குப் போச்சு. 2022ல ஹாஸ்ப்ரோ 14.63 கோடி டாலர் குடுத்து வாங்கிச்சு. நீ பயிர் வெச்ச நிலம் ரெண்டு தடவை கை மாறியிருக்குது நைனா. ஒரு மாத்தத்துக்காவது உன்கிட்டக் கையெழுத்துக் கேட்டாங்களா?

அதே 2022 டிசம்பர்ல விசார்ட்ஸ் கம்பெனித் தலைவி சிந்தியா வில்லியம்ஸ் முதலீட்டுக்காரங்க முன்னாடி பேசினாங்க. இந்த ஆட்டத்துலேர்ந்து எடுக்க வேண்டிய காசை இன்னும் எடுக்கலைன்னாங்க. கதை சொல்றவங்க மொத்தத்துல 20 சதவீதம்தான், ஆனா காசு குடுக்குறதுல பெரும்பங்கு அவங்கதான்னும் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கலை. வாரம் பூரா மூளையைக் கசக்கி மத்தவனுக்குக் கதை யோசிக்கிறவன், அவனே புத்தகமும் வாங்கி, அவனே சந்தாவும் கட்டி, பஜ்ஜிக்கும் அவனே பாக்கெட்ல கை விடுறான். மத்தவனுங்க பகடையோட வர்றானுங்க. சில பேரு அதுவும் இல்லாம வர்றானுங்க. உங்க கூட்டத்துல அந்த ஏமாளி யாருன்னு நான் பேரு சொல்ல மாட்டேன். என் வீட்டுச் சோறுதான் திங்குறான்.

2023 ஜனவரிதான் பெரிய வில்லங்கம். 2000லேர்ந்து ஒரு திறந்த உரிமம் இருந்துச்சு. இந்த விதிகளை வெச்சு யாரு வேணும்னாலும் புத்தகம் போட்டு வித்துக்கலாம்னு. அதை நம்பி எத்தனையோ சின்னக் கம்பெனி பொழைச்சுது. அந்த ஜனவரியில புது உரிமத்தோட வரைவு வெளிய கசிஞ்சுது. பழசு செல்லாது, வருஷத்துக்கு 7,50,000 டாலருக்கு மேல விக்கிறவன் அந்த மேல்தொகையில 25 சதவீதம் கட்டணும்னு அதுல இருந்துச்சு. ஆடுறவங்க என்ன பண்ணாங்க? உக்காந்த எடத்துலேர்ந்தே சந்தாவை நிறுத்தினாங்க. நிறுத்துற பக்கமே கூட்டம் தாங்காம திணறிப்போச்சுன்னு செய்தி வந்துச்சு. கம்பெனி கருத்துக் கேட்டுச்சு. 15,000 பேருக்கு மேல பதில் எழுதினாங்க, பழைய உரிமத்தை ரத்து பண்றது புடிக்கலைன்னு 89 சதவீதம் பேரு சொன்னாங்க. ஜனவரி 27ஆம் தேதி கம்பெனி எறங்கி வந்துச்சு. பழைய உரிமம் அப்படியே இருக்கும்னு சொன்னதோட, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல விட்டுருச்சு. விட்டதைத் திரும்ப எடுத்துக்க முடியாது.

கொடி இல்லே, கேட் மீட்டிங் இல்லே, பந்தல் இல்லே. ஒரே மாசத்துல ஜெயிச்ச ஸ்ட்ரைக்கு. சிப்காட் பக்கம் இத்தனை வருஷமா உக்காந்திருக்கேன், இப்படி ஒண்ணை நான் பாத்ததில்லே. உங்களைக் கிண்டல் பண்ற வாயாலேயே சொல்றேன், அன்னிக்கு நீங்கெல்லாம் ஆம்பளை பொம்பளை அத்தனை பேரும் சிங்கம்.

சிங்கத்துக்கு ஞாபக மறதி ஜாஸ்தி. 2024ல ஒத்தை மந்திரம், ஒத்தை பூதம்னு சில்லறையா வாங்குற வசதியை எடுத்துட்டாங்க, வேணும்னா முழுப் புத்தகமா வாங்குன்னு. அந்த ஆகஸ்ட்ல இன்னொரு அறிவிப்பு. பாத்திரத் தாள்ல இருக்குற பழைய பதிப்பு மந்திரங்களை எல்லாம் புதுப் பதிப்புக்கு மாத்திடுவோம், பழசு வேணும்னா நீயே தட்டச்சிக்கோன்னாங்க. யோசிச்சுப் பாரு, ராத்திரி படுக்குறப்போ ஒரு மந்திரம், காலையில எழுந்தா வேற மந்திரம். மந்திரவாதிக்கே சூனியம் வெச்சுட்டாங்க. திரும்பக் கூச்சல் வந்ததும் சில நாள்ல அதையும் வாபஸ் வாங்கினாங்க. 2025 பிப்ரவரியில 'சிஜில்'னு முப்பரிமாண மேசை ஒண்ணை வெளிய விட்டாங்க. மார்ச்சுலேயே அதைச் செஞ்ச ஆளுங்கள்ல பெரும்பாலானவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. 2008லேர்ந்து பதினேழு வருஷமா இந்த மேசை வருது வருதுன்னாங்க. அதைச் செஞ்ச தச்சனுங்க வேலைதான் போச்சு.

இதெல்லாம் கேட்டுட்டு நீ தலையை ஆட்டுறே. ஆட்டாதே. இப்ப உன் பக்கம் வரேன்.

நீ எங்க வேலை பாக்குறே? மின்சார ஸ்கூட்டர் கம்பெனியில, சாஃப்ட்வேர் பக்கம். நம்ம மாவட்டத்துல அதுக்கு என்ன கொறைச்சல்? ஓசூர்ல ஏத்தர், டிவிஎஸ். போச்சம்பள்ளி பக்கம் ஓலா. இன்னும் சின்னது பெருசுன்னு எத்தனையோ. உன் கம்பெனி எதுன்னு நான் சொல்ல மாட்டேன், உனக்கு இன்கிரிமென்ட் வரணும். 2023ல ஏத்தர் 450 எக்ஸ் வண்டியை ரெண்டு விதமா வித்தாங்க. உடம்பு ஒண்ணுதான். 'புரோ பேக்'குன்னு 30,000 ரூபாய் பக்கம் சேத்துக் கட்டினா திரையில வழி காட்டும், ஓட்டுற முறையை மாத்திக்கலாம். கட்டலைன்னா அந்த வசதி தொறக்காது. அதே வருஷம் சார்ஜர் விவகாரம் வந்துச்சு. வண்டிக்கு ஒரு வெலை, சார்ஜருக்குத் தனி வெலைன்னு பிரிச்சு வித்ததை மத்திய அரசு கேள்வி கேட்டுச்சு, மானியத்துக்கான வெலை வரம்பைக் கணக்கு வெச்சு. கடைசியில ஓலா, ஏத்தர், டிவிஎஸ் மூணும் சார்ஜர் காசை வாங்கினவங்களுக்குத் திருப்பித் தர ஒத்துக்கிட்டாங்க.

நீ சொல்லுவே, "தாத்தா, அது பிசினஸ் மாடல்." ஆமா நைனா, அவனும் அதைத்தான் சொல்றான். திங்கக்கிழமை நீ மீட்டிங்ல உக்காந்து எந்த வசதியை எந்தப் பேக்குக்குள்ள வெச்சுப் பூட்டலாம்னு பேசுறே. சனிக்கிழமை மாடியில உக்காந்து இன்னொருத்தன் போட்ட பூட்டைப் பாத்து, "இது அநியாயம்"னு கத்துறே. அமெரிக்காவுல அந்த மந்திரத்துக்குப் பூட்டுப் போட்டவன் ராத்திரி எந்த ஸ்கூட்டரைப் பாத்துக் கத்துறானோ, யாரு கண்டா.

அடுத்தது உன் கார்டு சமாச்சாரம். 2021 அக்டோபர் 1ஆம் தேதி நீ ரிசர்வ் வங்கியைத் திட்டினது ஜூஜூவாடி வரைக்கும் கேட்டுச்சு. கார்டுலேர்ந்து தானா காசு எடுக்குறதுக்குப் புது விதி. எடுக்குறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி வங்கி சேதி அனுப்பணும், வேணாம்னா நீ மறுக்கலாம். 5,000 ரூபாய்க்கு மேல போனா ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. கேக்கணும். அந்த வரம்பை 2022ல 15,000 ஆக்கினாங்க. இதுக்குத் தயாராகாத வெளிநாட்டுக் கம்பெனிங்களோட சந்தா பலது அறுந்துபோச்சு. உன்னோடது ஏதோ ஒண்ணும் அறுந்துச்சு. நீ துக்க வீட்டுல உக்காந்த மூஞ்சியோட திரிஞ்சே.

நான் ரிசர்வ் வங்கி இருக்குற திசையைப் பாத்து ஒரு கும்புடு போட்டேன். தருமராஜா நாட்டைத் தோத்தாருன்னா, பகடையை உருட்டித்தான் தோத்தாரு. நீ கார்டு நம்பரைக் குடுத்துட்டு, உருட்டாமலே மாசாமாசம் தோத்துக்கிட்டிருந்தே. இப்ப ஒருத்தன் வந்து, "தம்பி, இந்த மாசமும் வெக்கிறியா?"ன்னு ஒரு வார்த்தை கேக்குறான். அன்னிக்குச் சபையில விதுரரும் கேட்டுப் பாத்தாரு. அவரு கையில ஓ.டி.பி. இல்லையே, யாரு மதிப்பா?

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. 2023 நவம்பர் 30ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையத்துல நடக்குற ஏமாத்து வித்தைகள்ல 13 வகையைப் பட்டியல் போட்டு, செய்யக் கூடாதுன்னு வழிகாட்டு விதி போட்டுச்சு. அதுல ஒண்ணு சந்தாப் பொறி. உள்ள வர்றதுக்கு ஒரு தட்டு, வெளிய போறதுக்கு ஏழு கடல் ஏழு மலைன்னு வெச்சா அது குத்தம். 1915க்குப் போன் போட்டுப் புகார் குடுக்கலாம். நீ குகைக்குள்ள இருக்குற பொறியை எல்லாம் பத்தடிக் கம்பால தட்டித் தட்டிக் கண்டுபுடிக்கிறவனாச்சே. 'இலவசமா ஆரம்பி'ன்னு எழுதின பொத்தானை மட்டும் ஏன் தட்டிப் பாக்கறதில்லே?

வரியும் இருக்குது. வெளிநாட்டுலேர்ந்து வர்ற இந்த மாதிரி இணைய சேவைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அச்சடிச்ச புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கெடையாது. அரசாங்கமே சாடையா ஒரு யோசனை சொல்லுது, உனக்குத்தான் காது கேக்கலை.

சரி, கிழவன் குத்திக்கிட்டே இருக்கான், வழி சொல்ல மாட்டேங்கறான்னு நெனைக்காதே. நாலு சொல்றேன், புடிச்சதை எடுத்துக்கோ.

காசு கட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளு. நான் நிறுத்தினா என் கையில என்ன இருக்கும்? அவன் கடையைச் சாத்தினா என்ன இருக்கும்? அவன் நடுவுல விதியை மாத்தினா எனக்கு என்ன வழி? மூணுக்கும் 'ஒண்ணுமில்லே'ன்னு பதில் வந்தாலும் பரவாயில்லே, கட்டு. ஆனா அது குத்தகைன்னு தெரிஞ்சு கட்டு. கணக்குப் போடுற வேலை மிச்சமாகுது, பஸ்ஸுல போறப்போ பாத்திரத்தைச் செதுக்க முடியுது, அதுக்கு இந்த மாசம் 500 ரூபாய் தகும்னு தோணுதா, தாராளமாக் கட்டு. கதை முடிஞ்சதும் நிறுத்து. ஆறு பேரு ஆடுறீங்கன்னா ஆறு பேரும் பங்கு போடுங்க. பங்கு குடுக்காதவனைக் குகை வாசல்லேயே பூதத்துக்குப் போட்டுடு.

ரெண்டாவது, இனாமா கெடைக்கிறதை முதல்ல எடு. அடிப்படை விதிகளைக் கம்பெனியே 2014லேர்ந்து சும்மா குடுக்குது. 2023ல கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டது இருக்குது, 2025 ஏப்ரல்ல புதுப் பதிப்பு விதிகளையும் அதே உரிமத்துல விட்டுருக்காங்க. பாத்ஃபைண்டருங்கிற ஆட்டத்தோட விதிகளை ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ்ங்கிற இணையத்தளத்துல முழுசா இனாமா படிக்கலாம், பாத்ஃபைண்டர் கம்பெனி ஒத்துக்கிட்டே நடக்குது. திரையில மேசை வேணும்னா ஃபவுண்டரின்னு ஒண்ணு இருக்குது. ஒரு தடவை காசு, உன் கணினியிலேயே ஓடும். கெட்டி அட்டைப் புத்தகம் வேணும்னா பெங்களூரு சர்ச் தெருவுல பழைய புத்தகக் கடைங்களைத் தேடு. அத்திப்பள்ளி தாண்டி தெனம் போய் வர்றவனுங்க உங்க கூட்டத்துல எத்தனை பேரு? வர்றப்போ ஒருத்தன் எட்டிப் பாத்துட்டு வந்தா என்ன கொறைஞ்சுபோகும்?

மூணாவது, டெலிகிராம்ல எவனோ போட்ட திருட்டு பி.டி.எஃப்.பை இறக்கி வெச்சுக்கிட்டு, "கம்பெனிக்கு நேர்மை இல்லே"ன்னு பேசாதே. பேசுறதுன்னா இறக்காதே, இறக்குறதுன்னா பேசாதே. ரெண்டும் சேந்து செய்யணும்னா உன் திருடன் பாத்திரம் செய்யட்டும், அவனுக்கு அதுக்குன்னு புள்ளி இருக்குது.

நாலாவதுதான் எனக்குப் புடிச்சது. பூதத்தையும் கோட்டையையும் அமெரிக்காவுலேர்ந்து ஏன் வரவழைக்கிறே? நம்ம மாவட்டத்துல கிருஷ்ணகிரி பக்கத்து மண்ணுக்குப் பழைய பேரே பாராமகால். பன்னெண்டு கோட்டைச் சீமைன்னு சொல்லுவாங்க. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை நிக்குது. ராயக்கோட்டை நிக்குது, 1791ல மைசூர் யுத்தத்துல திப்பு சுல்தான்கிட்டேருந்து வெள்ளைக்காரன் புடிச்சது. மாடு மீக்கப் போய்ச் செத்தவன், புலியோட மல்லுக்கட்டிச் செத்தவன்னு நடுகல்லு இந்த மாவட்டம் பூரா நிக்குது. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துலேயும் கொண்டு வந்து வெச்சிருக்காங்க. ஒவ்வொரு கல்லும் ஒரு ராத்திரி ஆட்டத்துக்குத் தாங்கும். ஒரு பக்கம் தமிழ் பேசுறவன், ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் கன்னடம். எல்லைச் சண்டைக்கும் வேசம் மாத்தறதுக்கும் இதை விட வசதியான நாடு எந்தப் புத்தகத்துல இருக்குது? வரைபடம் நீ போடு, பூதத்துக்கு நீ பேரு வெய்யி. நீ எழுதின நோட்டுல இருக்குற மந்திரத்தை எந்த ஆகஸ்ட் மாசத்துலேயும் எவனும் மாத்த முடியாது. அதுக்குப் பட்டா உன் பேருல.

கடைசியா ஒண்ணு சொல்லிட்டு என் வாயை மூடிக்கிறேன். அடுத்த வாரம் உன் ஆபீஸ்ல புது வண்டிக்கு எந்த வசதியைப் பூட்டலாம், எதை மாசச் சந்தாவுல வெக்கலாம்னு மீட்டிங் போடுவாங்க. கையைத் தூக்கு. மேல சொன்ன மூணு கேள்வியையும் கேளு. வாங்கினவன் கட்டுறதை நிறுத்தினா அவன் வண்டியில என்ன மிஞ்சும்? நம்ம கம்பெனியே இல்லாமப் போனா என்ன மிஞ்சும்? விதியை மாத்தினா அவனுக்கு என்ன வழி? சனிக்கிழமை மாடியில கத்துற அதே சத்தத்துல கேளு. உன் மேனேஜர் மொறைப்பான். புரமோஷன் ஒரு வருஷம் தள்ளிப்போகும். போனா போகட்டும் நைனா, சந்தாக் காசுதான் மிச்சமாகப்போகுதே.